குறை கெயினில் இல்லை, பேஸில்

ஏற்காட்டில் சர்ச்சுக்குக் கிடார் வாசிக்கும் தம்பி ஒருவர் தன் 5 வாட் வால்வு ஆம்பை (கண்ணாடிக் குப்பி வால்வுகளால் ஓடும் கிடார் ஆம்ப்ளிஃபையர்) சேலத்துக்குக் கொண்டுவந்து, "வால்யூம் ஃபுல்லா வெச்சா கொழகொழன்னு ஆயிடுதுங்ணா, கெயின் கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்றார். பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தது, அதோடு பேஸும் (தாழ்ந்த ஒலிகள்) சேர்ந்து ஏறியதுதான் கெடுத்தது.

1950-களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் சேம்ப் என்ற சிறிய ஆம்ப் மாதிரிச் சுற்று அது. 12ஏஎக்ஸ்7 என்ற ஒரே குப்பிக்குள் சிக்னலைப் பெருக்கும் இரண்டு ட்ரையோடு, கடைசியில் ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3, அவ்வளவுதான். சிக்னல் வால்வின் எல்லையைத் தாண்டும்போது அலையின் தலை தட்டையாகிறது, மூல சுரத்தோடு அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கின்றன, நாம் ஓவர்டிரைவ் என்று ரசிப்பது அதைத்தான். ஒற்றைச் சுரத்துக்கு இது இனிமை. இரண்டு சுரம் சேர்ந்து போனால் கதை வேறு, அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் புதிய ஒலிகளாகக் கிளம்பும். கிடாரின் தடித்த ஈ கம்பியில் ஐந்தாம் கட்டில் ஏ 110 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பியில் நான்காம் கட்டில் சி ஷார்ப் 139, இரண்டையும் சேர்த்து மீட்டினால் 20 சொச்சம் ஹெர்ட்ஸில் ஒரு உறுமல் பிறக்கும். அது அந்தச் சுரங்களோடு சரியாகச் சேராது, சேறு மாதிரி எல்லாவற்றின் மேலும் அப்பிக்கொள்ளும். ஆகவே பேஸைக் குறைப்பதாக இருந்தால் தட்டையாவதற்கு முன்பே குறைக்க வேண்டும், பின்னால் குறைத்துப் பயனில்லை.

கை வைக்குமுன் ஒன்று. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்க மின்சாரத்தைத் தேக்கும் ஃபில்டர் கன்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்ல அது போதும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக வடியவிட்டு, மல்டிமீட்டரில் சுழியத்துக்குப் பக்கம் வந்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளே விரல் போக வேண்டும். பழக்கமில்லாதவர் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலை ஈரத்தில் கிடந்த ஆம்ப் என்றால் மாற்றம் அப்புறம், ரிப்பேர் முதலில். வால்வுகளுக்கு நடுவே உள்ள பழைய பேப்பர் கன்டென்சர் கசிந்தால் முந்தைய வால்வின் டிசி 6வி6-இன் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) வந்து, அது அளவுக்கு மீறிச் சூடேறித் தகடே சிவந்துவிடும். சிக்னல் இல்லாதபோது கிரிட்டில் அனேகமாக 0 வோல்ட் இருக்க வேண்டும், பாசிட்டிவாக ஏதாவது காட்டினால் முதலில் அந்தக் கன்டென்சரைச் சந்தேகப்படலாம். 100 ஹெர்ட்ஸில் ஹம் கேட்டால் ஃபில்டர் கன்டென்சர் காய்ந்திருக்கும், 50-இல் கேட்டால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங்கைப் பாருங்கள்.

இந்த ஆம்பில் முதல் ட்ரையோடின் கேதோடில் (எலெக்ட்ரான் கிளம்பும் முனை), 1.5 கிலோஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்காக, கெயினுக்கென்று யாரோ 25 மைக்ரோஃபாரட் கன்டென்சர் போட்டிருந்தார்கள். அது பேஸ் முழுவதையும் சேர்த்துத் தூக்கும். அதை எடுத்துவிட்டு 0.68 வைத்தால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழு கெயின், கீழே ஏறக்குறைய பாதி. மார்ஷல் ஆம்ப்களில் பார்க்கும் அதே 0.68தான்.

அடுத்து 6வி6-க்குப் போகும் கப்ளிங் கன்டென்சர், டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது. அந்த வால்வின் கேதோடு சுமார் 20 வோல்ட்டில் நிற்கிறது. சிக்னலின் உச்சி அதைத் தாண்டினால் கிரிட் கரண்ட் இழுக்கத் தொடங்கும், கன்டென்சர் சார்ஜ் ஆகும், அது வடிகிற வரை வால்வு மூடியே கிடக்கும். பலமாக ஒரு கார்டு அடித்ததும் சத்தம் விக்கி, பொருபொருவென்று திரும்பி வருவது இதனால்தான். 0.022 மைக்ரோஃபாரட்டுக்குப் பதில் 0.0047 வைத்தால் சீக்கிரம் வடிந்துவிடும், பேஸும் குறையும். கிரிட்டுக்கு முன்னால் பத்து இருபது கிலோஓமில் ஒரு ரெசிஸ்டரும் போட்டால் கரண்ட் இழுப்பது மட்டுப்படும்.

ஸ்பீக்கரிலிருந்து இரண்டாம் ட்ரையோடுக்கு வரும் 22 கிலோஓம் நெகட்டிவ் ஃபீட்பேக்கை (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிக் கெயினைக் குறைக்கும் வழி) நான் சுவிட்ச்சில் போட்டுவிடுவேன். இருக்கும்வரை சத்தம் சுத்தம், ஆனால் எல்லை தாண்டியதும் சட்டென்று உடையும். துண்டித்தால் கெயின் ஏறும், உடைவதும் படிப்படியாக வரும். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப உடையும் அந்த நயத்துக்காகத்தான் வால்வு ஆம்பே வாங்குகிறோம்.

ரெக்டிஃபையர் வால்வை, அதாவது அந்த 5ஒய்3-ஐ, மாற்றினால் சத்தம் குழைந்து வரும் என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய ஆம்பில் சரி. ஒற்றை 6வி6 எப்போதும் கிட்டத்தட்ட ஒரே கரண்டைத்தான் இழுக்கிறது, பலமாக அடித்தாலும் வோல்டேஜ் பெரிதாக இறங்காது, அந்தச் செலவு எனக்கு வீண். அதே காசை 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த பெட்டிக்குக் கொடுக்கலாம், ஸ்பீக்கரின் ஓம் அளவு மட்டும் ஆம்புக்குப் பொருந்த வேண்டும். மாற்றும்போது ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓட்டி வாசித்துவிடாதீர்கள், போக வழியில்லாத சக்தி அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் உயர்வோல்டேஜாக எகிறி அதன் சுற்றையே எரித்துவிடும்.