கீசர்ல சொட்டுற தண்ணிய தயவு செஞ்சு அடைக்காதீங்க

இந்த மார்கழில மட்டும் இது மூணாவது வீடு. மேடவாக்கம் பக்கம் ஒரு பிளாட், "கீசர் கொரகொரன்னு சத்தம் போடுது தம்பி"ன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா, கீசர் அடியில பிரஷரை வெளிய விடுற சேஃப்டி வால்வு வாய்ல எம்-சீல் வச்சு அப்பியிருக்கு. "தினமும் சொட்டி தரையெல்லாம் ஈரம்பா, பிளம்பர்தான் அடைச்சுக் கொடுத்தாரு"ங்கறாங்க அந்தம்மா. கவரைக் கழட்டினா அதுக்கும் மேல, சூடு போதும்னா கரண்டை நிறுத்துற தெர்மோஸ்டாட், அது தவறினா நிறுத்துற கட்அவுட் ரெண்டையும் விட்டுட்டு, தண்ணிய சூடாக்குற எலிமெண்ட்டுக்கு டைரக்டா ஒயர் கொடுத்திருக்கான் எவனோ ஒரு புண்ணியவான். ஸ்விட்ச் போட்ட பத்து நிமிஷத்துல குளிச்சிடுறதால இத்தனை நாள் தப்பிச்சிருக்காங்க. விடிகாலைல கோயிலுக்குப் போற அவசரத்துல ஒருநாள் ஆஃப் பண்ண மறந்திருந்தா? டேங்கே வெடிச்சிருக்கலாம். எனக்கு கையே நடுங்கிடுச்சு.

ஐயா சாமிகளா, அது லீக் இல்ல! தண்ணி சூடானா விரியும். 15 லிட்டர் டேங்க்ல 25 டிகிரி தண்ணி 70 டிகிரிக்குப் போனா கால் லிட்டருக்கு மேல கூடுதலா இடம் கேக்கும், டேப் மூடியிருக்கு, வந்த வழில திரும்பிப் போகவும் அந்த வால்வு விடாது, அப்ப அது எங்கதான் போகும், அந்த சின்ன ஓட்டை வழியா சொட்டித்தான் ஆகணும். சொட்டுனா வால்வு வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படுங்க. ஈரம் பிடிக்கலன்னா ஒரு டியூப் மாட்டி டிரைன்ல விடுங்க, டியூப் முனை மட்டும் திறந்தே இருக்கணும். ஆஃப் பண்ணி ஆறின பிறகும் நிக்காம சொட்டுதா, அப்ப வால்வு போச்சு, இல்ல பிரஷர் பம்ப் வேலை. வால்வு சில நூறு ரூபாதான், மாத்துங்க, அடைக்காதீங்க.

சத்தத்துக்கு காரணம் உப்பு. நம்ம போர் தண்ணிக்கு எலிமெண்ட் மேல சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கும், வருஷத்துக்கு ஒருக்கா கழட்டி கிளீன் பண்ணணும், அப்பவே மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்க, அது கரைஞ்சு தீர்ந்துட்டா அடுத்து அரிக்கறது டேங்க்தான். (சர்வீஸ்னு வந்து வெளிய மட்டும் துடைச்சிட்டுப் போறவங்களும் எங்க தொழில்ல இருக்காங்க, பக்கத்துல நின்னு பாருங்க.)

கட்அவுட் அடிக்கடி விழுந்தா தெர்மோஸ்டாட்டை மாத்தணும், அதுக்காக டைரக்ட் பண்ணச் சொல்லி கேக்காதீங்க, பண்ணித் தரேன்னு எவனாவது சொன்னா வீட்டை விட்டு அனுப்பிடுங்க. அப்புறம், எம்சிபி இருந்தா ஷாக் அடிக்காதுன்னு நினைக்காதீங்க, அது ஒயரைத்தான் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்த கரண்ட் லீக் ஆனா சட்டுனு ஆஃப் ஆகுற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி வேணும், எர்த்தும் ஒழுங்கா இருக்கணும். டேப்ல லேசா சுர்ருன்னா கூட உடனே மெயினை ஆஃப் பண்ணுங்க. மாடி டேங்க் கழுவின அன்னிக்கு கீசர் காலியா இருக்கலாம், ஹாட் டேப்ல தண்ணி நல்லா வந்த பிறகு ஸ்விட்ச் போடுங்க.

இன்னிக்கே ஒரு தடவை கீசர் அடியில குனிஞ்சு பாருங்க. வால்வு வாய் அடைச்சிருந்தா ஆள் வர்ற வரைக்கும் ஸ்விட்ச்ல கை வைக்காதீங்க. ரெண்டு நாள் பச்சத் தண்ணில குளிச்சா ஒண்ணும் ஆயிடாது.