ஸ்டோரிபோர்ட் கறுத்துப்போனால் எங்கே பார்ப்பது?

பெரும்போக அறுவடைக் காலத்தில் அம்பாறை நெல்விலையைக் காட்ட ஒரு சின்ன ஐபோன் செயலி. மட்டக்களப்பில் கணினி படிக்கும் நாலு பிள்ளைகள் ஒரே மக் கணினியை மாறி மாறிப் பாவித்துச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செயலி எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடில் திரை அழகாக நிற்கிறது. சிவப்புப் பிழை ஒன்றும் இல்லை. ஓட்டினால் கறுப்புத் திரை, அல்லது திறந்ததும் மூடிவிடுகிறது.

செயலியின் திரைகளை வரைந்து வைக்கும் கோப்புத்தான் ஸ்டோரிபோர்ட். 2011இல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 5 உடன் வந்த அது, பார்க்கப் படமாக இருந்தாலும் உள்ளே வெறும் எக்ஸ்எம்எல் எழுத்துத்தான். எந்தத் திரைக்கு எந்த கிளாஸ் (திரையை இயக்கும் கோட்டுத் துண்டு), திரையில் எழுத்துக் காட்டும் எந்த லேபிளுக்கு எந்த அவுட்லெட் (கோட்டில் அதைக் குறிக்கும் பெயர்) என்பதெல்லாம் அதில் பெயராகவே கிடக்கும். அந்தப் பெயர்கள் சுவிஃப்ட் மொழிக் கோட்டில் உண்டா என்று, கோட்டைச் செயலியாக மாற்றும் கொம்பைலர் பார்ப்பதில்லை. செயலி ஓடும்போதுதான் பெயரை வைத்துத் தேடிக் கோக்கிறது. குட்டு வெளிப்படுவதும் அப்போதுதான்.

கறுப்புத் திரைக்குப் பெரும்பாலும் காரணம், ஸ்டோரிபோர்டில் எந்தத் திரை முதலில் வரும் என்று காட்டும் அம்புக்குறி. முதலில் இருந்த வியூ கொன்ட்ரோலரை, அதாவது திரையை, அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை இழுத்து வைத்தால் தொடக்க அம்பும் சேர்ந்தே போய்விடும். புதியதைத் தெரிந்து, வலப்பக்கப் பலகையில் தொடக்கத் திரை என்ற பெட்டியில் சரி போட்டால் தீர்ந்தது.

மூடிவிடும் செயலிதான் சுவாரசியம். ஒருவர் 'சம்பாவிலை' என்ற அவுட்லெட்டைக் கோட்டில் 'கீரிச்சம்பாவிலை' என்று கையால் மாற்றிவிட்டுப் போகிறார். ஸ்டோரிபோர்டோ பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு சாவி, அதாவது பெயர், இந்த கிளாஸில் இல்லை என்று, பிழைச் செய்திகள் விழும் கொன்சோலில் நீளமாக ஒரு வரி விழும். பலர் அதைப் படிப்பதே இல்லை. படித்தால், வரியின் தொடக்கத்தில் எந்த கிளாஸின் பெயர் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் கிளாஸின் பெயர் என்றால் பழுது அவுட்லெட்டில்: பழைய இணைப்பை வெட்டிவிட்டுப் புதிதாக இழுங்கள். ஆப்பிளின் பொதுக் கிளாஸான வெறும் 'யூஐவியூகொன்ட்ரோலர்' என்றிருந்தால் அவுட்லெட்டைத் தொடவே வேண்டாம். திரைக்கு உங்கள் கிளாஸ் போய்ச் சேரவில்லை. வலப்பக்கப் பலகையில் கிளாஸ் பெட்டியோ அதன் கீழுள்ள மொடியூல் (கிளாஸ் எந்தச் செயலியைச் சேர்ந்தது என்ற) பெட்டியோ வெறுமையாகவோ பிழையாகவோ இருக்கும். பெயர் மாற்றத்தை எக்ஸ்கோடின் ரீநேம் வழியாகவே செய்தால் ஸ்டோரிபோர்டும் கூடவே மாறும்.

எல்லாம் சரி, ஆனாலும் லேபிள் 'நில்' (nil, ஒன்றுமில்லை) என்று வருகிறதா? ஸ்டோரிபோர்டைக் கேட்காமல் கோட்டிலேயே கொன்ட்ரோலரைப் புதிதாக உருவாக்கியிருப்பீர்கள். அதற்குக் கோக்க லேபிளே இல்லை.