அனிகட் போய் பேரேஜ் வந்த கதை

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது, முக்கொம்பு மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த நாள்களின் ஆங்கிலச் செய்திகளில் ஒரே இடத்தை அனிகட் என்றும் பேரேஜ் என்றும் மாற்றி மாற்றி எழுதினார்கள். இரண்டும் ஆங்கிலம் கடன் வாங்கிய சொற்கள்தான். அனிகட் நம் அணைக்கட்டு. வெள்ளைக்காரப் பொறியாளர்கள் காவிரிக் கரையில் கேட்டு எடுத்துக்கொண்டது. பேரேஜ் பிரெஞ்சுச் சொல். ஆனால் பொறியாளரைக் கேட்டால் இரண்டும் ஒன்றல்ல என்பார். அந்த வித்தியாசம் காவிரிப் பாசனத்துக்கு உயிர்நாடியான விஷயம்.

அனிகட் என்பது ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த சுவர். தண்ணீர் மட்டத்தை அந்தச் சுவரே உயர்த்தி, பக்கத்து வாய்க்காலுக்குத் தள்ளிவிடும். மிச்சம் சுவருக்கு மேலே வழிந்து போய்விடும். கட்டுவதும் காப்பதும் சுலபம். தொல்லை என்னவென்றால், வெள்ளக் காலத்திலும் சுவர் அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் மணல் சேரும், ஆற்றின் படுகை உயரும், மேலே இருக்கும் ஊர்களின் கரைக்கு ஆபத்து வரும். 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியபோது கொள்ளிடத்தின் குறுக்கே வைத்தது இப்படி ஒரு சுவரைத்தான். ஷட்டர்கள் பின்னாளில் வந்தவை.

பேரேஜில் நிலையான சுவர் கிட்டத்தட்ட ஆற்றுப் படுகை மட்டத்தோடு நின்றுவிடும். தண்ணீரைத் தேக்குவது அதன் மேல் இறங்கும் இரும்புக் கதவுகள். கோடையில் மூடினால் மட்டம் உயர்ந்து வாய்க்காலில் தண்ணீர் ஏறும். வெள்ளம் வந்தால் எல்லாக் கதவையும் தூக்கிவிடலாம். மணலும் தண்ணீரோடு போய்விடும். தமிழில் இதற்குக் கதவணை என்று பெயர் வைத்தவர் யாரோ, விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியின் குறுக்கே 98 ஷட்டர்களோடு நிற்பது அப்படி ஒன்று. அதில் தேங்குவது சுமார் 1 டி.எம்.சி. மேட்டூரில் 93.47 டி.எம்.சி. பேரேஜின் வேலை தண்ணீரைச் சேமிப்பதல்ல, மட்டத்தை ஆள்வது.

கதவு கண்ணுக்குத் தெரியும் பாதி. இன்னொரு பாதி மணலுக்கு அடியில் இருக்கிறது. டெல்டா ஆறுகளில் பாறையைத் தேடித் தோண்டினால் கிடைக்காது. மணல் மேலேயேதான் கட்ட வேண்டும். கதவை மூடியதும் மேல்பக்கம் தண்ணீர் உயரம், கீழ்பக்கம் தாழ்வு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் தளத்துக்கு அடியில் கசிந்து, கீழ்பக்கம் மணலைத் துளைத்து மேலெழும்பும். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் மணல் துகளையும் தூக்கிக்கொண்டு வரும். வயல் வரப்பில் நண்டு வளை பெரிதாவது போல, அந்தத் துளை பின்னோக்கி அரித்துக்கொண்டே போய், கடைசியில் தளம் உட்கார்ந்துவிடும்.

இதற்கு வழி, கசியும் தண்ணீர் நடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டுவது. பிளை என்ற பொறியாளர் இதற்கு எளிய கணக்கு ஒன்று சொன்னார். தென்னிந்திய ஆறுகளின் பருமணலுக்குத் தண்ணீரின் உயர வித்தியாசத்தைப் போல 12 மடங்கு தூரம் வேண்டும். நைல் ஆற்றின் நயமான மண்ணுக்கு 18 மடங்கு. 3 மீட்டர் வித்தியாசத்துக்கு இங்கே 36 மீட்டர் போதும், அங்கே 54 மீட்டர். 1936இல் இந்தியப் பொறியாளர் கோஸ்லாவும் கூட்டாளிகளும் இந்தக் கணக்கில் இருந்த ஓட்டையைக் காட்டினார்கள்: மொத்தத் தூரம் மட்டும் போதாது, தண்ணீர் வெளியேறும் கீழ்முனையில் ஆழமாக ஒரு தடுப்புச் சுவர் கட்டாயம் இறங்க வேண்டும். மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணை போன்ற பழைய வேலைகளிலிருந்து கற்றதாகக் காட்டன் எழுதியிருக்கிறார். மரியாதைக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கல்லணை அப்போதும் நின்றுகொண்டிருந்தது.

நைல் ஆற்றைச் சும்மா இழுக்கவில்லை. பேரேஜ் என்ற சொல் ஆங்கிலத்துக்குள் வந்ததே அந்த வழியாகத்தான். கெய்ரோவுக்குக் கீழே, நைல் இரண்டாகப் பிரியும் இடத்தில், கிட்டத்தட்ட நம் முக்கொம்பு மாதிரியான ஒரு தலைப்பில், மூழெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் திட்டப்படி 1840களில் கதவணை வேலை நடந்தது. பிரெஞ்சில் தடு, அடை என்று பொருள்படும் பாரே என்ற வினையிலிருந்து பிறந்தது பராஜ். 1859 வாக்கில் அது ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. கட்டியவர்களுக்கு மட்டும் நல்ல காலம் இல்லை: 1860களில் கதவை மூடிப் பார்த்தபோது அடித்தளம் விரிசல் விட்டது. பிறகு 1880களில் அதைச் சரிசெய்தவர் ஸ்காட் மான்கிரீஃப், இந்தியப் பாசனத் துறையில் வேலை பழகியவர்.

ஆந்திராவில் கோதாவரியின் குறுக்கே காட்டன் கட்டியதற்கும் தவளேஸ்வரம் அனிகட் என்றுதான் பெயர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கதவுகளோடு புதிதாகக் கட்டினார்கள். இன்று அது காட்டன் பேரேஜ். தமிழ்ச் சொல் விலகிப் பிரெஞ்சுச் சொல் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இரும்புக் கதவு.

முதல் உலகப் போரில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை தொடங்கியது. எதிரி கடக்க முடியாதபடி ஒரே கோட்டில் இடைவிடாமல் குண்டு விழ வைப்பதைப் பிரெஞ்சுப் படை தீர் த பராஜ், தடுப்புச் சுடல், என்றது. ஆங்கிலேயர்கள் 1916 வாக்கில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தடுப்பு என்ற எண்ணம் உதிர்ந்து, சரமாரி என்ற எண்ணம் தங்கிவிட்டது. இன்று ஆங்கிலத்தில் கேள்விகள், புகார்கள், விளம்பரங்கள் எல்லாம் பேரேஜாக வரும். அவற்றை எதிர்கொள்பவருக்குத் திணறல் இருக்க வேண்டும். பாராட்டு மழைக்கு இந்தச் சொல் அவ்வளவாகப் பொருந்தாது. பழைய பொருள் அடியோடு போய்விடவும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் தாழப் பறக்கும் விமானங்களை மறிக்க லண்டனுக்கு மேலே கம்பியில் கட்டிப் பறக்கவிட்ட பலூன்களுக்குப் பேரேஜ் பலூன் என்றே பெயர். அமெரிக்கர்கள் குண்டு மழையைக் கடைசி அசையை அழுத்திப் பராஜ் என்றும், ஆற்றில் நிற்பதைப் பாரிஜ் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள்.

தாய்மொழியில் இந்தச் சொல் இன்னும் அகலமானது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், காவிரியின் கிளையான அரசலாறு கடலில் சேர்கிறது. அங்கே பிரெஞ்சு படித்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது இடறக்கூடிய இடம் இது. பிரெஞ்சில் மேட்டூரும் பராஜ், மாயனூரும் பராஜ், போலீஸ் போடும் சாலைத் தடுப்பும் பராஜ். ஆங்கிலத்தில் மேட்டூரை அப்படி எழுதினால் பொறியாளர் திருத்துவார். தேர்தலிலும் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வேட்பாளர் வந்துவிடக் கூடாது என்று எதிரில் இருப்பவருக்கு ஓட்டுப் போடுவதைப் பராஜ் போடுவது என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் காரைக்கால்காரர்கள் அந்த நாட்டு அதிபர் தேர்தலில் உள்ளூரிலேயே வாக்களிக்கிறார்கள்; அவர்களுக்கு இந்த வழக்கு பழக்கமானதுதான்.