வொர்க்ஸ்பேஸ்: பணியிட மாற்றம் அல்ல

திருமண ஆல்பம் வடிவமைக்கும் நண்பர் ஒருவர் புதுக் கணினி வாங்கினார். பல வருடமாகக் கைக்குப் பழக்கி வைத்திருந்த ஃபோட்டோஷாப் திரை புதியதிலும் அப்படியே வர வேண்டும். என்ன செய்வது என்று தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். எழுதினேன். 'வொர்க்ஸ்பேஸ்' வந்த இடமெல்லாம் 'பணியிடம்' என்று போட்டேன். புதிய பணியிடம் உருவாக்குதல், பணியிடத்தை நீக்குதல், கடைசியில் கொட்டை எழுத்தில் பணியிட மாற்றம். தாளை முதலில் கையில் எடுத்தவர் நண்பரின் அப்பா, ஓய்வுபெற்ற அரசு ஊழியர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு வரி படித்தவர் கேட்டார்: "தம்பி, இது எந்த டிபார்ட்மென்ட் ஜி.ஓ.?"

அவர் கேட்டதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் பணியிடம் என்றால் போஸ்ட். காலிப் பணியிடங்கள், பணியிடம் நிரப்புதல், பணியிட மாற்றம் என்று செய்தித்தாள் தினமும் எழுதுவது அதைத்தான். அந்தச் சொல் நாற்காலியைச் சொல்கிறது. எனக்கு வேண்டியிருந்ததோ மேசையைச் சொல்லும் சொல்.

அதுவும் வெறும் மேசை போதாது. மேசைமேல் எது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். நகைப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊதுகுழல் எந்தப் பக்கம், குறடு எந்தப் பக்கம் என்று ஆசாரி திரும்பிப் பார்ப்பதில்லை, கை போகும். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவரும் அப்படித்தான். எழுத்துப் பெட்டியில் 'க' எந்த அறை, 'கொ'வுக்கான கொம்பு எந்த அறை என்பது விரலுக்கே மனப்பாடம். வேறு அச்சகத்துக்குப் போய் அங்கே அறைகள் இடம் மாறியிருந்தால் சில நாளைக்கு வேலை தடுமாறும். ஃபோட்டோஷாப்பில் பேனல் என்பது கருவியும் விவரமும் அடங்கிய சிறு பெட்டி. லேயர் பேனல் வலப்பக்கம், ஆக்‌ஷன் பேனல் அதற்கு மேலே, ஹிஸ்டரி இன்னொரு மானிட்டரில் என்று ஒருவர் அடுக்கி வைப்பதும் இதே காரியம். அந்த அடுக்குக்கு ஒரு பெயர் கொடுத்து, வேண்டியபோது திரும்ப அழைக்க முடிந்தால் அதற்குப் பெயர் வொர்க்ஸ்பேஸ்.

ஆங்கிலத்தில் இது இரண்டு சொல் சேர்ந்த கூட்டு. 'வொர்க்' பழைய ஜெர்மானியச் சொல். கிரேக்கத்தின் 'எர்கோன்' இதற்கு உறவு. எனர்ஜி, சர்ஜரி எல்லாம் அந்த எர்கோன் வழி வந்தவை. 'ஸ்பேஸ்' லத்தீன் 'ஸ்பாட்டியம்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்பாட்டியம் என்றால் இடப்பரப்பு, இடைவெளி. காலத்தின் இடைவெளியையும் அது குறித்தது. நாம் ஸ்பேஸ் என்றதும் விண்வெளிக்குப் போய்விடுகிறோம். 'பணிவெளி' என்ற மொழிபெயர்ப்பு காதில் ஒட்டாமல் போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கணினிக்குள் இந்தச் சொல் நுழைந்த கதை சுவாரசியமானது. கென்னத் ஐவர்சன் ஹார்வர்டில் தொடங்கி ஐபிஎம்மில் வளர்த்த கணிதக் குறியீட்டு முறையிலிருந்து ஏபிஎல் என்ற நிரல்மொழி பிறந்தது. 1966-இல் இயங்கத் தொடங்கிய ஏபிஎல் 360-இல் பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு வொர்க்ஸ்பேஸ் உண்டு. அவர் எழுதிய சார்புகள் (ஃபங்ஷன்கள்), கணக்கிட்டு வைத்த எண்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். சேமிக்க 'சேவ்', திரும்ப எடுக்க 'லோட்', வேறொரு வொர்க்ஸ்பேஸிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள 'காப்பி' என்று தனித்தனிக் கட்டளைகளும் இருந்தன. என் நண்பர் இன்று கேட்ட இரண்டு காரியமும், சேமிப்பதும் இடம் மாற்றுவதும், அன்றே அந்தச் சொல்லோடு ஒட்டிப் பிறந்தவை.

ஆனால் அன்று சேமித்தது உள்ளடக்கத்தை, அதாவது சரக்கை. புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் 'ஆர்' மொழியில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேலையை முடித்து வெளியேறும்போது வொர்க்ஸ்பேஸைச் சேமிக்கட்டுமா என்று அது கேட்பது, நினைவில் இருக்கும் தரவையெல்லாம் எழுதி வைக்கட்டுமா என்று கேட்பதுதான். வரைகலை மென்பொருளில் பொருள் தலைகீழாகிவிட்டது. அங்கே சரக்கு வேறு கோப்பில் இருக்கிறது. வொர்க்ஸ்பேஸ் என்பது அடுக்கு மட்டும். ஒரே சொல், பொருளோ ஒரு கடையின் இருப்புக்கும் அதன் அலமாரி வரிசைக்கும் உள்ள தூரம். போதாக்குறைக்கு லினக்ஸ் திரைகளில் வொர்க்ஸ்பேஸ் என்றால் மாற்றி மாற்றிப் பார்க்கும் மெய்நிகர் மேசைகளில் ஒன்று. 2020-இல் கூகுள் தன் அலுவலகச் செயலித் தொகுப்புக்கே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது விளம்பரப் பெயர்.

ஃபோட்டோஷாப்பில் அடுக்கைச் சேமிக்கும் வசதி 2002-இல் வந்த 7.0 பதிப்பில் வந்தது. நம்மூர் ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் குடியிருந்த பதிப்பு அது. இன்றைய பதிப்புகளில் விண்டோ மெனுவுக்குள் வொர்க்ஸ்பேஸ், அதற்குள் நியூ வொர்க்ஸ்பேஸ். பெயர் கேட்கும் சிறு பெட்டியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேனல்கள் இருக்கும் இடம் தானாகச் சேமிக்கப்படும். ஆனால் கீபோர்டு ஷார்ட்கட், மெனு, டூல்பார் மாற்றங்கள் மூன்றும் நாமாக டிக் போட்டால்தான் சேரும். நானே ஒருமுறை டிக் போடாமல் சேமித்துவிட்டுப் பழைய கணினியை ஃபார்மட் செய்துவிட்டேன். திரை அச்சு அசலாக வந்தது, ஷார்ட்கட் ஒன்றுகூட வரவில்லை. வீட்டுச் சாமான் எல்லாம் வந்துசேர்ந்து சாவிக்கொத்து மட்டும் பழைய வீட்டில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

இடம் மாற்ற வேண்டுமானால், விண்டோஸில் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ரோமிங், அதற்குள் அடோபி, அதற்குள் அந்த ஃபோட்டோஷாப் பதிப்பின் கோப்புறை, அதற்குள் அதன் செட்டிங்ஸ் கோப்புறை, அதற்குள் வொர்க்ஸ்பேஸஸ். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்டிருக்கும், மறைந்தவற்றைக் காட்டு என்று முதலில் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே 'மாடிஃபைட்' என்ற ஒட்டோடு இன்னொரு கோப்புறையும் கண்ணில் படும். சேமித்த மூலம் முதலாவதில் இருக்கிறது. சேமித்த பிறகு நாம் இழுத்துக் கலைத்த நிலை இரண்டாவதில் இருக்கிறது. ரீசெட் கொடுத்தால் மூலம் திரும்புவது இதனால்தான். பெயர்த்து எடுத்துப்போக வேண்டியதும் மூலத்தைத்தான். ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு நகலெடுத்து, புதுக் கணினியில் அதே இடத்தில் வைத்துவிட்டுத் திறந்தால் பட்டியலில் பெயர் வந்துவிடும். பிரஷ், ஆக்‌ஷன் எல்லாம் இதில் வராது. அவற்றைத் தனியாகக் கொண்டுபோக வேண்டும்.

எல்லா மென்பொருளும் இப்படி நடந்துகொள்வதில்லை. ஓவியம் வரையும் கிரிட்டாவில் ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸும் தனிக் கோப்பு. முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் 2019-இல் வந்த 2.80 பதிப்பிலிருந்து வொர்க்ஸ்பேஸ்களைத் திரையின் மேல்வரிசையில் தாவல்களாக வைத்திருக்கிறது. அவற்றை அந்தந்த வேலைக் கோப்புக்குள்ளேயே சேமிக்கிறது. அதனால் அடுத்தவர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் அவர் அடுக்கும் கூடவே வரும். திறக்கும்போது 'லோட் யூஐ' டிக்கை எடுத்துவிட்டால் நம் அடுக்கு தப்பும். வீடியோ தொகுக்கும் பிரீமியர் புரோவிலும் புராஜெக்ட்டிலிருந்து வொர்க்ஸ்பேஸை எடுத்துக்கொள்ள மெனுவில் ஒரு தேர்வு உண்டு. விருந்தாளி தன் பாய் தலையணையோடு வருவது இது. வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பணியிடம் நாற்காலியாகிவிட்டது. இலங்கைத் தமிழில் புழங்கும் 'வேலைத்தளம்' வேலை செய்யும் கட்டடத்தைத்தான் நினைவூட்டுகிறது. என் ஆசை 'பட்டறை' மேல் இருந்தது. பட்டறையின் பழைய வடிவம் பட்டடை. 821-ஆம் குறளில் அது கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். கல்லின் பெயர் மெல்ல அந்தக் கல் கிடக்கும் கூடத்துக்கே ஆகிவந்தது. அருமையான சொல்தான். ஆனால் கவிதைப் பட்டறை, பயிற்சிப் பட்டறை என்று வாரம் ஒரு நோட்டீஸ் வரும் ஊரில் 'புதிய பட்டறை' என்றால் சான்றிதழ் உண்டா என்று கேட்பார்கள்.

மிஞ்சியது களம். கதிரடிக்கும் இடமும் களம், படை மோதும் இடமும் களம். தொல்காப்பியம் வாகைத் திணையில் ஏரோர் களவழி, தேரோர் களவழி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. எனக்குப் பிடித்த பொருத்தம் நெற்களத்தில் இருக்கிறது. அது சும்மா கிடந்த நிலம் அல்ல. ஒவ்வொரு அறுவடைக்கும் செதுக்கி, தண்ணீர் தெளித்து, சாணம் மெழுகி, இந்த வேலைக்கென்றே ஆக்கிய இடம். போரடித்து முடிந்தால் கலைந்துவிடும், அடுத்த போகத்துக்கு மறுபடி அதே மாதிரி ஆக்குவார்கள். வொர்க்ஸ்பேஸ் என்பதற்குப் 'பணிக்களம்' சரியாக உட்காருகிறது. ஏபிஎல், ஆர் போல உள்ளடக்கம் அடங்கியதற்கு அதுவே போதும். ஃபோட்டோஷாப்பில் நாம் சேமிப்பதும் பெயர்ப்பதும் களத்தை அல்ல, அது ஆக்கப்பட்ட விதத்தை. அதற்குப் 'பணிக்கள அமைவு', சுருக்கமாகக் 'கள அமைவு' என்பேன். ஏற்கெனவே செட்டிங்ஸ் 'அமைப்புகள்' ஆகவும் பிரீசெட் 'முன்னமைவு' ஆகவும் புழங்குவதால் இது அதே குடும்பத்தில் சேர்ந்துகொள்ளும். புதிய கள அமைவு, கள அமைவைச் சேமி, கள அமைவை மீட்டமை. எதிலும் அரசாணை வாசனை இல்லை.

திருத்திய தாளை நண்பரிடம் கொடுத்தேன். அப்பா இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை. நண்பர்தான் மூன்றாவது வரியில் விரலை வைத்து, "கள அமைவு புரியுது. பலகம்னா என்னங்க?" என்றார்.

"பேனல்."

"அப்ப பேனல்னே போட்டுருங்க."

போட்டுவிட்டேன்.