மீளேற்று மின்கலமும் மின்னேற்றியும்: சொல்லும் பொருளும்

ரிமோட்டுக்குள் போடும் கட்டையும் பேட்டரி, லாரியில் இருக்கும் பெட்டியும் பேட்டரி, போனுக்குள் இருப்பதும் பேட்டரி. டார்ச் லைட்டையே பேட்டரி லைட் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. பேச்சுக்கு இது போதும். அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்கப் பட்டியல் போடும்போது போதாது.

பேட்டரி என்ற சொல்லின் வேர் 'அடித்தல்' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினை. கோட்டையை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளை அப்படி அழைத்தார்கள். 1749இல் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்சாரம் தேக்கும் கண்ணாடித் தகடுகள் பதினொன்றை ஒன்றாக இணைத்து, அந்தத் தொகுதிக்கு இதே பெயரை வைத்தார். பல சேர்ந்து ஒன்றாக இயங்குவது என்பதே சொல்லின் அடிப்படைப் பொருள்.

இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பாடநூல்கள் சரியாகவே பிடித்திருக்கின்றன. தனி ஒன்று மின்கலம் அல்லது மின்கலன். பல சேர்ந்தால் மின்கல அடுக்கு. 1800இல் வோல்டா செய்ததும் உலோக வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அடுக்குதான். ஆகவே மவுஸில் போடும் பென்சில் கட்டை மின்கலம். யுபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, 2 வோல்ட் ஈய அமிலக் கலங்கள் ஆறு சேர்ந்த அடுக்கு. கம்பியில்லா மைக் சிலவற்றில் போடும் 9 வோல்ட் சதுரப் பெட்டியும் அடுக்குதான். உள்ளே எத்தனை கலம் என்று பார்ப்பதில் பயன் உண்டு: ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகையில் ஒரு கலம் 1.2 வோல்ட் தருவதால், ஆறு கலம் கொண்டது 7.2 வோல்ட், ஏழு கொண்டது 8.4 வோல்ட். 7.2 போட்டால் மைக் சீக்கிரமே 'பேட்டரி குறைவு' விளக்கைக் காட்டிவிடும். 8.4 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த சொல் சார்ஜ். வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பேச்சு வழக்கும் யாரும் சொல்லித்தராமல் அதே வினையைப் பிடித்திருக்கிறது: சார்ஜ் ஏறுது, சார்ஜ் நிக்கல, சார்ஜ் இறங்கிடுச்சு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டம் என்றும் இலங்கையில் மின்னேற்றம் என்றும் எழுதுகிறார்கள். மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஏறு, இறங்கு இரண்டோடும் ஒட்டி வருவதால் மின்னேற்றம், மின்னேற்றி (சார்ஜர்), மின்னிறக்கம் என்ற வரிசையே நல்லது.

ரீசார்ஜபிள் என்பதற்குப் பாடநூல் தரும் சொல் துணை மின்கலம்; ஒருமுறை மட்டும் பயன்படுவது முதன்மை மின்கலம். முதன்மைக் கலம் தானே மின்சாரம் உண்டாக்கும். 1859இல் கஸ்டோன் பிளான்டே செய்த ஈய அமிலக் கலத்துக்கோ முதலில் வேறொரு கலத்திலிருந்து மின்சாரம் ஏற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் ஆங்கிலத்தில் செகண்டரி, அதாவது இரண்டாம் நிலை, என்ற பெயர்; அதையே பாடநூல் 'துணை' என்கிறது. 'துணை' என்றால் உதவிக்கு வைத்த உபரிக் கலம் என்றே படிப்பவருக்குத் தோன்றும். மீளேற்று மின்கலம் என்றால் குழப்பமில்லை.

கலத்தின் உறையில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீடும் ஒரு சொல்தான். டபுள் ஏ எனும் பென்சில் கட்டை அளவில் ஆர்6 என்றால் சாதாரண கார்பன் கட்டை, எல்ஆர்6 என்றால் ஆல்கலைன், எச்ஆர்6 என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. மின்னேற்றியில் போடத்தக்கது மூன்றாவது மட்டுமே. ட்ரிபிள் ஏ அளவில் 6க்குப் பதில் 03 வரும். தோற்றத்தில் டபுள் ஏ போலவே இருக்கும் 14500 என்ற லித்தியம் கலம் 3.7 வோல்ட், அதை மவுஸில் போட்டால் மவுஸ் கெட்டுவிடும்.

இனி, 'சார்ஜ் நிக்கல' என்ற புகார். பழைய வகை நிக்கல் கலம் மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தாலே மாதத்துக்குக் கால்பங்கு வரை இழக்கும். இதைத் தன்னிறக்கம் எனலாம். 2005இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் தன்னிறக்கம் குறைந்த கலத்தைக் கொண்டுவந்தது. இவ்வகைக் கலம் ஓராண்டு கழித்தும் முக்கால்பங்கு அளவுக்கு வைத்திருக்கும். உறையில் 'ப்ரீசார்ஜ்டு' அல்லது 'ரெடி டு யூஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் இவ்வகைதான். அலுவலகத்துக்கு 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்ட இவ்வகையே போதும். 2700 என்ற பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்; அவை சீக்கிரம் இறங்கும், ஆயுளும் குறைவு.

மின்னேற்றியில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்து கலங்களை இழக்கிறார்கள். மலிவான ராத்திரி மின்னேற்றி, கலம் நிரம்பியதா என்று பார்க்காது. 2000 கொள்ளளவுக்கு 200 மில்லி ஆம்பியர் வீதம் 14 முதல் 16 மணி நேரம் கணக்கு. வெள்ளி மாலை போட்டுவிட்டுத் திங்கள் காலை எடுத்தால் கலம் சூட்டிலேயே கிடந்திருக்கும். இன்னொரு வகை இரண்டிரண்டாக மட்டுமே ஏற்றும். இரண்டு கலத்துக்கு ஒரு விளக்கு இருப்பதே அடையாளம். ஒன்று பாதி, ஒன்று காலி என்று போட்டால், பாதி இருந்தது அளவுக்கு மீறி ஏறும், காலியானது நிரம்பாது. வாங்க வேண்டியது ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகக் கவனிக்கும் மின்னேற்றி: நான்கு இடம், நான்கு விளக்கு. நிரம்பும் தருணத்தில் கலத்தின் வோல்ட் சில மில்லிவோல்ட் சரியும். அதைக் கண்டு இது தானே நிறுத்திவிடும். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்தச் சரிவு தெளிவாகத் தெரியாது. 2000 கலத்துக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் பொருத்தம். 500இல் நான்கரை மணி நேரம்போல ஆகும்.

எல்லாவற்றுக்கும் மீளேற்று கலம் தேவையில்லை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாதாரணக் கட்டையே போதும், ஓராண்டு ஓடும். மவுஸ், கீபோர்டு, கம்பியில்லா மைக், கேமரா பிளாஷ் ஆகியவற்றில்தான் காசு திரும்ப வரும். கார்ட்லெஸ் போனில் எச்ஆர்03 போன்ற மீளேற்று கலம் தவிர வேறு போடக் கூடாது. அந்தப் போனை அதன் பீடத்தில் வைத்ததும் மின்னேற்றம் தொடங்கிவிடும், உள்ளே ஆல்கலைன் இருந்தால் காரம் கசிந்து தகடுகளை அரிக்கும்.

புதியதையும் பழையதையும் ஒரே கருவியில் கலக்காதீர்கள். முதலில் காலியாகும் கலத்தின் வழியே மற்றது மின்சாரத்தைத் தள்ளும்போது காலிக் கலத்தின் துருவம் தலைகீழாகி அது செத்துப்போகும். வாங்கிய மாதத்தை மார்க்கரால் கலத்தின் மேல் எழுதி, ஜோடிகளுக்கு ஒரே எண் போட்டு, எப்போதும் ஜோடியாகவே ஏற்றி இறக்குங்கள். மின்னேற்றியில் மற்றவற்றைவிட அதிகம் சுடும் கலத்தை ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியதைக் குப்பையில் போடக் கூடாது. உறையில் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் அதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.