ஈசினோபிலை அழைப்பது யார்?

"மகனுக்கு விடியற்காலையில் இழுப்பு வருகிறது. பரிசோதனையில் ஈசினோபில் 12 சதவீதம். ரத்தம் கெட்டுவிட்டது, ரத்தசுத்தி லேகியம் கொடு என்கிறார் மாமியார். ரத்தம் உடல் முழுவதும்தானே ஓடுகிறது, நெஞ்சில் மட்டும் ஏன் தொல்லை?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய கடைசிக் கேள்விக்கு விடை தேடி அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையணுக்களில் ஒரு வகை ஈசினோபில். 1879-இல் ஜெர்மானிய மருத்துவர் பவுல் எர்லிக் இயோசின் என்ற சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது இந்த அணுக்களின் துகள்கள் செக்கச்செவேலென்று சிவந்தன. பெயர் அப்படி வந்தது. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, சில மணி நேரம் ரத்தத்தில் பயணம் செய்து, திசுக்களுக்குள் இறங்கிவிடும். ரத்தம் அவற்றுக்கு வழிப்பாதை மட்டுமே.

தூசிப் பூச்சியின் துணுக்கு ஒன்று மூச்சுக்குழாயில் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வாமை உள்ளவரிடம் அங்கே காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின், புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. உதவி டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் இன்டர்லூக்கின் என்ற சேதிப் புரதங்களை அனுப்புகின்றன. அவற்றில் 5 என்ற எண்ணுடையது மஜ்ஜைக்குப் போய் ஈசினோபில்களைப் பெருக்கி வெளியே அனுப்பச் சொல்கிறது. 4-ம் 13-ம் பக்கத்திலுள்ள மூச்சுக்குழாய்ச் சுவரின் செல்களைத் தூண்ட, அவை ஈசினோபில்களை அழைக்கும் இயோடாக்ஸின் என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. வெள்ளையணு கொடுத்த குரலைச் சுவர் செல்கள் வாங்கி உரக்கச் சொல்கின்றன.

இயோடாக்ஸின் 1994-இல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. முட்டை வெண்கருப் புரதத்துக்கு ஒவ்வாமை ஏற்படுத்திய கினிப்பன்றிகளுக்கு அதையே மூச்சு வழியாகக் கொடுத்து, நுரையீரலைக் கழுவி எடுத்தார்கள். கழுவிய நீரை வேறு கினிப்பன்றிகளின் தோலில் செலுத்தியதும் ஈசினோபில்கள் அந்த இடத்தில் வந்து குவிந்தன. நீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் 73 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம். கினிப்பன்றி நுரையீரலைக் கழுவுவதால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை மறுப்பது மிக எளிது. அப்படி மறுக்கும் குழுக்கள் நம் நாட்டிலும் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஓடும் ஆற்றில் மஞ்சளைக் கரைத்தால் நொடியில் அடித்துக்கொண்டு போய்விடும். ரத்தமும் ஓடும் ஆறுதான். அதில் கலந்த இயோடாக்ஸினை மோப்பம் பிடித்து நுரையீரலுக்கு வழி காண ஒரு ஈசினோபிலால் முடியுமா? முடியாது. உடல் அந்த மஞ்சளை ஆற்றில் கரைப்பதில்லை, படித்துறைக் கல்லில் பூசி வைக்கிறது! ரத்தக்குழாயின் உட்சுவர் முழுக்க ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் புல்போல முளைத்திருக்கின்றன. அவற்றில் எதிர்மின்னூட்டம் அதிகம். இயோடாக்ஸினிலோ நேர்மின்னூட்டம் அதிகம். எனவே திசுவிலிருந்து கசிந்து வரும் இயோடாக்ஸின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை வேகமாக ரத்தம் ஓடினாலும் சேதி அந்தத் துறையை விட்டு நகர்வதில்லை.

அதே துறையில் இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது. இன்டர்லூக்கின்-4 கேட்டுக்கொண்டதால் உட்சுவர் செல்கள் வி-கேம்-1 என்ற கொக்கியை வெளியே நீட்டுகின்றன. அதைப் பற்றிக்கொள்ளும் வி.எல்.ஏ-4 என்ற கை ஈசினோபிலுக்கு நிறைய உண்டு. வெள்ளையணுக்களில் எண்ணிக்கையில் மிகப் பெரிய கூட்டமான நியூட்ரோபிலிடம் அது அனேகமாக இல்லை. ஆகவே நியூட்ரோபில்கள் கடந்துபோக, ஈசினோபில் மட்டும் சுவரில் தடுமாறி உருள்கிறது. உருளும்போது அதன் மேலுள்ள சி.சி.ஆர்-3 என்ற ஏற்பி, பூசி வைத்த இயோடாக்ஸினைத் தொடுகிறது. உடனே பிடி இறுகி அணு நிற்கிறது, தட்டையாகிறது, இரு சுவர் செல்களுக்கு நடுவே நுழைந்து வெளியேறுகிறது. அதன்பின் தவழ்கிறது. தன் உடலின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே சேதியின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் வேறுபட்டாலே இத்தகைய அணுக்கள் திசையை அறிந்துகொள்ளும். அணுவின் அகலமே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ரத்த அறிக்கையில் தெரியும் 12 சதவீதம், வழியில் இருக்கும் பயணிகளின் கணக்கு. அழைப்பவர் யார் என்று தேட வேண்டும். 1940-இல் அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியில், காசநோய் போலத் தோன்றி, ஆனால் காசநோய் அல்லாத இருமல்காரர்களை மருத்துவர்கள் ஃப்ரிமாட்-மோல்லரும் பார்ட்டனும் விவரித்தார்கள். அவர்களுடைய ரத்தத்தில் ஈசினோபில்கள் ஏராளம். நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கும் யானைக்கால் புழுவின் குஞ்சுகளே அழைப்பவர்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய டைஎத்தில்கார்பமசின் மாத்திரை அந்த நோய்க்கு இன்றும் தரப்படுகிறது. எந்த லேகியமும் அந்தப் புழுவைத் தேடிப் போனதில்லை.

உங்கள் மகனுக்குப் புழு காரணமா, தூசியா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் "பழக்கமாகிவிடும்" என்று பயந்து ஒதுக்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், மூச்சுக்குழாய்ச் சுவரின் செல்கள் இயோடாக்ஸின் சுரப்பதையே அது குறைக்கிறது.