வலியை நடிப்பவருக்கு உண்மையிலேயே அடிபட்டால்

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் தலை பலகையில் மோதும் வேகத்தை யாரும் முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது. நான் விளையாட்டுக் காய மருத்துவர். நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் நடக்கும் சிறிய மல்யுத்த நிகழ்ச்சிகளில் ரிங்கின் ஓரத்தில் அமர்ந்து பணியாற்றுகிறேன். இத்தொழிலின் பேராபத்து எது என்று கேட்டால், உயரத்தையோ நாற்காலி அடியையோ முதலில் சொல்லமாட்டேன். வலியை நடித்துக் காட்டுவதையே கலையாகப் பயின்ற ஒருவருக்கு உண்மையில் அடிபடும்போது, எதிரே நிற்பவர், நடுவர், பார்வையாளர் என எல்லோரும் அதையும் நடிப்பென்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் சொல்வேன்.

நம்மவர் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் கண்டது டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்னும் பெருநிறுவனத்தின் நிகழ்ச்சிகளை. அங்கே மருத்துவக் குழு உண்டு. வீரர்களின் நினைவாற்றலையும் எதிர்வினை வேகத்தையும் நல்ல நிலையில் இருக்கும்போதே பதிவு செய்துவைக்கும் கணினிச் சோதனை 2008 முதல் உண்டு. நாற்காலியால் தலையில் அடிப்பது 2010-இல் தடை செய்யப்பட்டது. இண்டி என்று அழைக்கப்படும் சுயாதீன நிகழ்ச்சிகளின் உலகம் வேறு. தீயணைப்பு நிலையத்து மண்டபம், முன்னாள் படைவீரர் சங்கக் கூடம், உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் ஆகிய இடங்களில் இருநூறு முந்நூறு மடக்கு நாற்காலிகளைப் போட்டு நடத்துவார்கள். பிங்கோ கூடமாக இருந்து, 1990-களில் ஈ.சி.டபிள்யூ. என்னும் மல்யுத்த நிறுவனத்தின் கோட்டையாகி, இன்று 2300 அரீனா என வழங்கும் தெற்குப் பிலடெல்பியாக் கட்டடம் இவர்களுக்கு அரண்மனை போன்றது. வாரநாட்களில் கிடங்கிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை நான்கைந்து மணி நேரம் கார் ஓட்டிவந்து ஆடுபவர்களே இங்கே அதிகம். பலருக்குக் கிடைக்கும் தொகை பெட்ரோலுக்கே சரியாகிவிடும். அவர்கள் யாருடைய ஊழியரும் அல்லர் என்பதால் மருத்துவக் காப்பீட்டை அமைப்பாளர் தருவதில்லை. ஒரு காயத்தை ஒப்புக்கொண்டால் அடுத்த வார வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம் அவர்கள் வாயை எப்போதும் அடைத்தே வைத்திருக்கிறது.

கதவு திறப்பதற்கு முன்பே என் வேலை தொடங்குகிறது. முதலில் ரிங்கின் மீது ஏறி நடந்து பார்ப்பேன். பதினெட்டு அல்லது இருபது அடிச் சதுரம். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய நுரைப்பாய், அதற்கும் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். தொலைக்காட்சியில் மெத்தைபோலத் தோன்றுவது இவ்வளவுதான். ஒரு ரிங் விழுபவரைச் சற்றே தாங்கிக் கொடுக்கும்; இன்னொன்று கல்போலக் கிடக்கும்; வாடகை ரிங்கில் ஆடுபவருக்கு அது எந்த வகை என்பது முதல் முறை விழும்போதுதான் தெரியும். பிறகு உடைமாற்றும் அறைக்குப் போய் ஒவ்வொருவரையும் பார்ப்பேன். அண்மையில் தலையில் அடிபட்டதா என்று நேராகக் கேட்டால் ஒருவரும் ஆம் என்று சொல்லமாட்டார். ஆகவே சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: நன்றாகத் தூங்குகிறீர்களா, வரும் வழியில் எதிர்வண்டிகளின் விளக்கு கண்ணைக் கூசியதா, போன வாரம் ஆடிய ஆட்டம் எப்படி முடிந்தது? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறவரை, ஒரு காலின் குதிகாலோடு மறுகாலின் விரல்களை ஒட்டி வைத்து நிற்கச் சொல்வேன். மாதங்களின் பெயரைப் பின்னிருந்து சொல்லச் சொல்வேன்.

ஓர் இரவு நடந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். அதன் முதல் இரண்டு ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இளையவர்கள் வேகமாக ஆடினார்கள். பெண்கள் ஆட்டத்தில் ஒருவருக்குத் தோள் பிசகி, ஐஸ் கட்டியுடன் அமர்ந்திருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் நெற்றியில் ரத்தம் வழிந்தது. பார்வையாளரைப் பெரிதும் கலங்கவைப்பது இந்த ரத்தம்தான். ஆனால் விரலின் டேப்புக்குள் ஒளித்துவைத்த பிளேடால் தாமே மேலோட்டமாகக் கீறிக்கொள்வதால் வருவது அது. அதில் எனக்குள்ள கவலை ஹெபடைடிஸ் போன்ற தொற்றுகளைப் பற்றியது. மற்றொருவரின் கையில் பிளேடைக் கொடுப்பது இன்னும் மோசம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரெவியரில் 1996-இல் வயதை மறைத்து ரிங்கில் ஏறிய, பயிற்சியற்ற பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் எதிராளியால் ஆழமாக வெட்டப்பட்டு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனான்.

நான் அஞ்சியது நான்காவது ஆட்டத்தில், ஒரு துளி ரத்தமும் இல்லாமல் நடந்தது. இருவர் இருவராக ஆடும் டேக் ஆட்டம். மேல் கயிற்றிலிருந்து பாய்ந்தவரின் முழங்கால், கீழே நின்றவரின் தாடையில் பட்டது. அவர் மல்லாந்து விழுந்தார். கூட்டம் எழுந்து நின்று, ‘தயவுசெய்து செத்துவிடாதே’ என்று தாளத்தோடு கத்தியது. இண்டி ரசிகர்கள் இதைப் பாராட்டாகவே கத்துவார்கள்.

இத்தகைய நேரத்தில் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, முகம் நடிக்கும். நான் கைகளைப் பார்க்கிறேன். முறையாக விழக் கற்றவர் மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, இரு கைகளையும் விரித்துப் பாயை அறைந்து, மூச்சை வெளியே விட்டபடி விழுவார். அது அவருடைய உடலுக்கே பழகிப்போன வழக்கம். விழும்போதே அந்தக் கைகள் வேலை செய்யவில்லை என்றால், தரையைத் தொடுமுன்பே மூளை குலுங்கிவிட்டது என்று பொருள். சிலருக்கு முன்கைகள் விறைத்து அந்தரத்தில் நிற்கும். மருத்துவத்தில் இது தெளிவான அடையாளம். அண்மைக் காலத்தில் சிலர் அதையும் நடித்துக் காட்டத் தொடங்கியிருப்பது எனக்குக் கடும் எரிச்சலைத் தருகிறது. வீட்டில் நெருப்புப் பிடித்ததாக விளையாட்டுக்குக் கூவிப் பழகியவனின் கதைதான் இதுவும்.

முதலில் உண்மையை உணர்பவர் எதிராளிதான். ஒருவரைத் தலைக்குமேல் தூக்கும்போது தூக்கப்படுபவரும் எம்பிக் கொடுக்கிறார். அந்த ஒத்துழைப்பு நின்றவுடன் உடல் பிணம்போலக் கனக்கும். அடிபட்டவர் அடுத்த அசைவை மறந்து, ‘இனி என்ன செய்ய வேண்டும்?’ என்று எதிராளியின் காதில் மீண்டும் மீண்டும் கேட்கத் தொடங்கினால் ஐயமே வேண்டாம். அன்று எதிராளி விவரமானவர். கழுத்தைப் பிடித்து அமுக்குவதுபோல உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேசிப் பார்த்தார். நடுவர் குனிந்து, விழுந்தவரின் கையை அழுத்தினார். நலமாயிருந்தால் அவரும் திருப்பி அழுத்த வேண்டும் என்பது இத்தொழிலின் எழுதப்படாத வழக்கம். அழுத்தம் வரவில்லை. நடுவர் இரு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்து எக்ஸ் அடையாளம் காட்டினார். நான் ரிங்குக்குள் ஏறினேன். இந்த அடையாளத்தையும் கதைக்காகப் பொய்யாகக் காட்டும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். உயிர் காக்கும் சைகையை வசூலுக்குப் பயன்படுத்துவதைப் பொறுப்பின்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐயம் எழுந்தும் ஆட்டம் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவின் டிஹுவானா நகரில் 2015 மார்ச் 20 இரவு நடந்த சுயாதீன நிகழ்ச்சி சான்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழக்கமான ரே மிஸ்டீரியோ ஓர் அணியில். பெர்ரோ அகுவாயோ ஜூனியர் எதிரணியில். மிஸ்டீரியோவின் புகழ்பெற்ற 619 உதைக்கு எதிராளி இரண்டாவது கயிற்றில் தலை தொங்கக் கிடக்க வேண்டும். உதைபட்ட அகுவாயோ சரியாக அந்த இடத்தில், அந்த நிலையில் சரிந்தார். அசைவற்றுக் கிடப்பதே அங்கே எதிர்பார்க்கப்படும் நடிப்பு என்பதால், கழுத்து எலும்பு முறிந்தவரைச் சுற்றி ஆட்டம் சிறிது நேரம் தொடர்ந்தது; ரிங்கின் வெளியே நின்றவர் அவரைப் பிடித்து உலுக்கியும் பார்த்தார். அவரைத் தூக்கிச் சென்றது ஸ்ட்ரெச்சரில் அல்ல, ஒரு பலகையில். முப்பத்தைந்து வயதில் அன்றிரவே இறந்தார். ரிங்கில் இருந்தவர்கள் கொடியவர்களோ அனுபவமற்றவர்களோ அல்லர். இது எந்த ரிங்கிலும் நடக்கக்கூடியது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த உலுக்கல் நமக்கும் அந்நியமானதன்று. கபடிக் களத்திலோ பள்ளி மைதானத்திலோ ஒருவர் தலைகுப்புற விழுந்தால், நாம் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடாவையும் குடிக்கக் கொடுக்கிறோம். கழுத்தில் முறிவிருந்தால் அந்த அன்பே தண்டுவடத்தை அறுத்துவிடக்கூடும். தலையையும் கழுத்தையும் இரு கைகளால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தபடி ஆம்புலன்ஸை அழைப்பதே செய்யத்தக்கது. மூச்சுத் திணறினால் மட்டும் சுவாசத்துக்கே முதலிடம்.

நான் ரிங்குக்குள் ஏறியபோது அந்த வீரர் கண் திறந்து, தமக்கு ஒன்றுமில்லை என்றார். மயக்கம் போடவில்லை என்றால் மூளைக்கு ஒன்றுமாகவில்லை என்பது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நினைவு தப்புகிறது. சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஸ்கேன் எடுப்பது மூளைக்குள் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான். மற்ற விளையாட்டுகளில் நாங்கள் கேட்கும் வழக்கமான கேள்விகள் உண்டு: இது எந்த மைதானம், கடைசியாக யார் கோல் போட்டது, போன ஆட்டத்தில் வென்றது யார்? மல்யுத்தத்தில் இவற்றைச் சற்று மாற்றி, இன்று நீங்கள் வெல்ல வேண்டுமா தோற்க வேண்டுமா என்று கேட்கிறேன். அவர் யோசித்தார், பிறகு நான்கைந்து மாதங்களுக்கு முந்தைய வேறோர் ஊரின் ஆட்ட முடிவைச் சொன்னார். அவரை ரிங்கிலிருந்து இறக்கிவிட்டோம்.

இத்தகைய மேற்பார்வையே இல்லாத நிகழ்ச்சிகள் இவ்வளவு பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1989-இல் நியூ ஜெர்சி சட்டமன்றத்தின் முன், இது விளையாட்டுப் போட்டியல்ல, பொழுதுபோக்கே என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் அன்று இயங்கிய டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனமே வாதிட்டது. வரியும் உரிமக் கட்டுப்பாடும் நீங்க வேண்டும் என்பது நோக்கம்; ஆட்டத்துக்கு முந்தைய கட்டாய மருத்துவப் பரிசோதனையும் அவற்றோடு சேர்ந்து விலகுவதாயிற்று. இன்று மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகிறது. பொழுதுபோக்கு என்று பெயரிட்டதால் மூளைத் திசு வேறுவிதமாக நடந்துகொள்ளப் போவதில்லை என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் யோசித்திருக்கலாம்.

மறைத்து ஆடுவதன் விலையை உலகுக்குச் சொன்னவர் கிறிஸ் நொவின்ஸ்கி. ஹார்வர்டில் படித்து டபிள்யூ.டபிள்யூ.ஈ.-யில் ஆடிய அவர், 2003-இல் பட்ட ஓர் அடிக்குப் பிறகும் தலைவலியை மறைத்துச் சில வாரங்கள் ஆடினார். அதோடு அவருடைய தொழில் முடிந்தது. 2007-இல் மருத்துவர் ராபர்ட் கான்டுவுடன் இணைந்து அவர் தொடங்கிய அமைப்பே பின்னர் கன்கஷன் லெகசி பவுண்டேஷன் என்று பெயர் பெற்றது. அதே ஆண்டில் மனைவியையும் மகனையும் கொன்று தானும் இறந்த மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வாவின் மூளையில், திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சி.டி.ஈ. எனும் சிதைவு இருந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் கொலைகளுக்கு அது ஒன்றே காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது. அடிகள் தடம் பதிக்காமல் போவதில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மூளை அதிர்ச்சிக்குப் பிறகு முதல் ஒன்றிரண்டு நாட்கள் மிதமான ஓய்வும் குறைந்த திரை நேரமும் போதும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை கைவிடப்பட்டுவிட்டது. மெதுநடையில் தொடங்கிப் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டி, அறிகுறிகள் முற்றிலும் நீங்கி, மருத்துவர் அனுமதித்த பிறகே மோதலுள்ள ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக என்றாலும் குறிப்பாக இளம் வயதினருக்கு, மூளை வீங்கி உயிரே போகலாம். அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மருத்துவர் பார்த்து, அபாயக் குறி எதுவும் இல்லை என்றால் தூங்கலாம். மது கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, தனியாக விடக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போனாலும், மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாவிட்டாலும், கை கால் மரத்தாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும், பேச்சு குழறினாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றிரவு இவற்றை ஒரு தாளில் எழுதி, அவருடைய கார்ச் சாவியோடு சேர்த்து அவரோடு வந்த நண்பரிடம் கொடுத்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அமைப்பாளர் வந்து, இரண்டு வாரத்தில் வரும் அடுத்த நிகழ்ச்சியின் சுவரொட்டியில் அவர் பெயர் அச்சாகிவிட்டதே என்றார். வேறு பெயரை ஒட்டிக்கொள்ளுங்கள் என்றேன். புதிய அமைப்பாளர் யாராவது அழைத்தால் நான் இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் கேட்கிறேன். ஆட்டத்தை நிறுத்த மருத்துவர் சொன்னால் அதுவே முடிவு. பாதியில் நிறுத்தப்பட்டவருக்கும் அன்றைய பணம் முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும். பெரும்பாலோர் முதலாவதற்கு உடனே கையெழுத்திடுகிறார்கள். இரண்டாவதற்குத்தான் பேரம் பேசுகிறார்கள். அந்தப் பணம் உறுதியானால்தான், நடுவர் கையை அழுத்தும்போது வீரர் பொய் சொல்லாமல் இருப்பார்.